நான்காவது கானமயில்

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நைனா மாத்திரை போடுகிறாரா? ராஜஸ்தானில் நான் நலம்.

"வேடந்தாங்கல் பக்கத்துலயே கீது, பாலைவனத்துல போயி இன்னாத்தடா எண்ணப் போற?" என்று கேட்டாயே. இங்கே கானமயில் என்கிற பெரிய தரைப்பறவை குறைகிறதா என்று அறிய, இருபது வருஷமாக ஒரே பாதையில் எண்ணுகிறார்கள். இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும், முடியும்வரை பேசக்கூடாது.

நேற்று நான் நான்கு என்று எழுதினேன். என்னோடு எண்ணும் திருவிடந்தை முனீர் மூன்று என்றான்.

"வெள்ளைக் கழுத்து, கறுப்புத் தலை. புதருக்குப் பின்னால உக்காந்திருந்துச்சே!"

"மச்சான், அது நம்ம சமையல்காரரு. வெள்ள சால்வ, கறுப்புக் குல்லா போட்டுகினு வெளிக்குப் போயிருந்தாரு."

'அடைகாக்கிறது' என்று குறிப்பு வேறு எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். போன வருஷம் நான்கு. இந்த வருஷம் மூன்றுதான். அவரை எண்ணியிருந்தால் குறைந்ததே தெரிந்திருக்காது.

முனீர் லீவில் வருகிறான். சமையல்காரருக்கு ஒரு சிவப்புத் துண்டு கொடுத்தனுப்பு. எனக்குக் கருவடாம். விருந்து, மீன் குழம்பு என்று அவனைப் பிடித்து வைக்காதே. அவன் திரும்பும்வரை தமிழில் என்னோடு சண்டைபோட ஆளில்லை.

தபாலுக்கு ஜீப் கிளம்புகிறது.

பார்த்திபன்