அலுமாரிக்குள் சாக்ஸபோன்

அன்புள்ள மகளுக்கு,

மேல்வீட்டுக்கு ஒரு ஜப்பான்காரர் வந்திருக்கிறார். இருபது வயதில் கோபேயிலிருந்து லண்டன் வந்து, ஐம்பது வருடமாகக் கிளப்புகளில் ஜாஸ் வாசித்த சாக்ஸபோன்காரர். சத்தம் தாங்க ஏலாதென்று கவுன்சிலுக்கு முறைப்பாடு போட்டது நான்தான். போட்டது யாரென்று தெரியாமல், அவர் வீடு வீடாக இனிப்புக் கொண்டுவந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே. நேற்று வடை வைத்துக் கொண்டுபோனேன். கதவு திறந்திருந்தது. மனிதர் உடுப்பு அலுமாரிக்குள் தலையை விட்டு, கோட்டுகளுக்கு நடுவில் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கீழே கேட்கிறதா?" என்று பதறினார்.

உன் சாக்ஸபோனை நான் பறித்து விற்றதற்கு முதல்நாள், நீயும் அறைக்குள்ளிருந்து, "அப்பா, கேக்குதோ?" என்றாய்.

அவரிடம் "வாசியுங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அதை முதலில் உனக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா