நடுக்கம் நிற்கட்டும், பேசலாம்

காலையிலிருந்து சுண்ணாம்பு வாசனை. உங்கள் தம்பி தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள பொதுச்சுவரின் நம் பக்கத்தையும் சேர்த்து அடிக்க ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். நம் செம்மண்டலத்து வீட்டு வாசலில் நின்றபடி உங்களிடம் பேச வேண்டும்போல் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் உங்கள் கோபத்துக்குப் பயந்திருக்கிறேன். கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரும் நாட்களில், செருப்பைக் கழற்றும் முன்பே கத்தல் தொடங்கிவிடும். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். ஒருநாள் நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொன்னேன். மூளைக்குள் வாதுமைப் பருப்பு அளவில் ஒரு பகுதி ஆபத்து என்று மணியடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை அடிக்கத் தயாராகிறது. நிதானமாக யோசிக்கிற முன்மூளை சற்றுத் தாமதமாகத்தான் வந்துசேரும். பசியும் தூக்கமின்மையும் அதை இன்னும் தாமதப்படுத்தும்.

“அப்ப அது வர்ற வரைக்கும் நான் வாய மூடிக்கினு இருக்கணும், அவ்ளோதானே?” என்றீர்கள்.

பல நாள் உங்களால் அது முடியவில்லை. மறுநாள் நீங்களே, நேற்று ஜாஸ்தியாகிவிட்டது என்பீர்கள்.

இரண்டாயிரத்து ஏழு மழையில் பொதுச்சுவர் விழுந்தது. எந்த இடத்தில் திரும்பக் கட்டுவது என்ற பேச்சு முற்றி, உங்கள் தம்பி கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நீங்களும் மண்வெட்டியை எடுத்தீர்கள். நானும் அவர் மனைவியும் உறைந்து நின்றோம். பிறகு நீங்கள் மண்வெட்டியைக் கீழே போட்டீர்கள். மூச்சை மெல்ல விட்டு, இரு கைகளையும் விரித்து அவரிடம் காட்டினீர்கள்.

“பாரு, எனக்குக் கை நடுங்குது. உனக்கும் நடுங்குது. இது நிக்கட்டும், அப்புறம் பேசலாம். ஒக்காரு.”

அவர் தன் கையைப் பார்த்தார். கடப்பாரையைக் கீழே வைத்தார். ஈரச் செங்கல் குவியலில் இருவரும் உட்கார்ந்தீர்கள். நான் டீ போட்டு வந்தேன். குடித்து முடித்ததும் அவர், “நீயே நூல் புடிண்ணே” என்றார். சுவர் எழுப்புவதற்கான நூலைப் பழைய அடித்தளத்தின் மேலேயே பிடித்தீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. அந்தப் பாடம் வரும்போது சுரப்பி, நரம்பு எல்லாம் சொல்லி முடித்து, புத்தகத்தில் இல்லாத இந்தச் சம்பவத்தையும் சொல்கிறேன். நிஜமாகவே அப்படி ஒருத்தர் செய்தாரா என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் வீட்டுக்காரர்தான் என்பேன். அதைச் சொல்லும்போது, இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு வேறெதிலும் வராத பெருமை வருகிறது.