எரிந்ததா என்று கேட்ட இசக்கி

ஜனவரி 19, திங்கள்

காலையில் லேசான குளிர். பத்து மணிக்கே வெயில். பள்ளிக்குப் போகிற வழியில், திருவனந்தபுரம் பழவங்காடியில் இறங்கி எலெக்ட்ரிக் கடையில் டார்ச் பல்பு, பேட்டரி, வயர், செல்லோடேப். வீட்டுக்குத் தேங்காய் வாங்க மறந்துவிட்டேன்.

நாலாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம். இந்த வருஷம் போர்டில் படம் போடுவதில்லை. குழுவுக்கு ஒரு பல்பும் பேட்டரியும் கொடுத்து, நீங்களே எரிய வையுங்கள் என்று விட்டுவிட்டேன். ஒரே கூச்சல். எச்.எம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதலில் எரிந்தது நூர்ஜஹான் குழுவில். கைதட்டல். இசக்கியும் அதே குழு. அவளுக்குப் பார்வை மிகக் குறைவு. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். வயர் நுனிகளை முறுக்கி ஒட்டியது முழுக்க அவள். எல்லாரும் கைதட்டும்போது நூர்ஜஹானிடம் மெதுவாகக் கேட்டாள்: "எரிஞ்சுதா?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எப்படி இதை யோசிக்காமல் விட்டேன்?

ஜனவரி 20, செவ்வாய்

பல்வலி. கிராம்பு வைத்துக்கொண்டே வகுப்பு.

பிள்ளைகளிடமே கேட்டுவிட்டேன். பல்புக்குப் பதில் என்ன வைத்தால் இசக்கிக்கும் தெரியும்? சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்கலாம் என்றான் ஒருவன். குட்டி ஃபேன், காற்று முகத்தில் படும் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் இசக்கியே, சத்தம் போடுகிற சாமான் ஏதாவது வைக்கலாமே என்றாள். வீட்டில் உடைந்து கிடக்கும் பொம்மைகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

மேசை நிறைய சக்கரம் போன கார், தலையில்லாத ரோபோ, பொம்மை போன். பிரித்துப் பிரித்து மோட்டார், சத்தம் போடும் பஸ்ஸர் எல்லாம் வெளியே.

பஸ்ஸர் வேலை செய்யவில்லை. "இது போச்சு டீச்சரே, மதி, போதும்" என்று பையன்கள் மோட்டார் பக்கம் போய்விட்டார்கள். இசக்கி விடவில்லை. விரலால் தடவித் தடவி, இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பிடித்தாள். கீ என்று ஒரு சத்தம். வகுப்பே திரும்பியது.

"திருப்பி வச்சாத்தான் இது பேசுது டீச்சரே. பல்புக்கு எப்படி வச்சாலும் எரிஞ்சுதுன்னு சொன்னாங்கல்லா?"

நான் அடுத்த வாரம் சொல்ல வைத்திருந்த பாடம். எல்லாக் குழுவும் பல்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. பக்கத்து வகுப்பு டீச்சரிடமிருந்து சத்தத்துக்குப் புகார். எச்.எம். வந்தார், திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸரை வாங்கித் தானும் இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜனவரி 23, வெள்ளி

இசக்கியின் அம்மா மாரியம்மாவை வரச் சொல்லியிருந்தேன். தம்பானூர் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. மதிய இடைவேளையில் ஓடி வந்தாள். மகள் பஸ்ஸரை அடித்துக் காட்டியதும் சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

அஞ்சாம் வகுப்புக்குக் கோட்டயத்தில் பார்வையில்லாத பிள்ளைகள் பள்ளியில் சேர்ப்பதா என்ற பேச்சு கொஞ்ச நாளாக இருக்கிறது. ஹாஸ்டல். மாரியம்மாவுக்குப் பயம். எனக்கும் அனுப்ப மனமில்லை. இங்கேயே மேலே படிக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

இசக்கி குறுக்கே பேசினாள்.

"அங்க எல்லாமே தொட்டுப் படிக்கிற மாதிரி இருக்குமாம்லா. இங்க எனக்குன்னா எல்லாரும் உக்காந்து யோசிக்கணும்."

குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மாரியம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து, "தனியாப் படுத்துக்கிடுவியாட்டி?" என்றாள்.

"படுத்துக்கிடுவேன்மா."

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பல்வலியால் மட்டும் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

மேகமூட்டம். பல் டாக்டரிடம் நாளைக்கு.

சனிக்கிழமை இசக்கியும் அம்மாவும் கோட்டயம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். ஜூனில் சேர்க்கை. இசக்கிக்குக் காலையிலிருந்து அந்தப் பள்ளிக் கதைதான், பாதி மலையாளத்தில். சிரித்துக்கொண்டே கேட்டேன்.

இன்று கேரள வரைபடம். அட்டையில் பசை தடவிக் கயிறு ஒட்டிக் கொண்டுபோயிருந்தேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கடற்கரையைத் தடவினார்கள். இசக்கி திருவனந்தபுரத்தில் ஒரு விரல் வைத்து, கோட்டயம் எங்கே என்றாள். காட்டினேன். இரண்டுக்கும் நடுவே விரல் அடுக்கி அளந்தாள்.

சாயங்காலம் பள்ளி கேட் பக்கத்தில் அம்மாவின் உள்ளங்கையில் விரல்களை வைத்து அழுத்தி, "இவ்வளவுதாம்மா, இவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாரியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்தேன்.