வயலினுக்குப் புதுசு, செல்லோவுக்குப் பழசு

ஜூன் 18, காலை பத்து இருபது. பிழைகள் 417.

உன் லேப்டாப் மடியில் கொதிக்கிறது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நீ போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது, இன்னும் உன்னோடு சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

செங்கம் ரோட்டில் தங்கியிருக்கும் வயலின்காரருக்கும் செல்லோக்காரருக்கும் நீ கடைசியாக எழுதிய பாட்டு இது. இன்று நாலு மணிக்கு அவர்கள் வாசிக்க, உன் அக்கா பாடுகிறார். நாளைக் காலை இருவரும் தங்கள் நாட்டுக்குக் கிளம்புகிறார்கள். இன்று விட்டால் அவ்வளவுதான். அவர்களுக்கு ஐந்து கோட்டு இசைத்தாள் வேண்டும். தட்டச்சு செய்ததை அந்தத் தாளாக்கித் தரும் மென்பொருளோ உன் கணினியில் இரண்டு பதிப்புகளாக உட்கார்ந்து ஒன்றையொன்று மிதிக்கிறது.

"ஆச்சாப்பா?" அக்கா எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வெர்ஷனப் போட்டுக் குழப்பி வெச்சிருக்கான்க்கா."

"அவன் என்னிக்கு எத ஒழுங்கா வெச்சான்? அவன் ரூமே அப்படித்தான் இருக்கும்."

நானும் தலையாட்டினேன்.

பொறுமை எனக்குக் கம்மி, உனக்குத் தெரியும். பழைய பதிப்புக்கு எழுதியதைப் புதிய பதிப்புக்கு மாற்றும் கருவியை எல்லா ஃபைல் மீதும் ஓட்டினேன். அது முதல் வரியில் இருக்கும் பதிப்பு எண்ணை நம்பும். நீயோ எல்லாவற்றின் தலையிலும் பழைய எண்ணையே ஒட்டி வைத்திருந்தாய். ஏற்கெனவே புதிதாக இருந்ததையும் அது திருத்தித் தொலைத்தது. அறுபதாக இருந்த பிழை நானூற்றைத் தாண்டியது. நல்லவேளை, முதலிலேயே நகல் எடுத்திருந்தேன்.

அப்புறம்தான் புதிய பதிப்பு நிறுவப்பட்ட தேதியைப் பார்த்தேன். அன்று நீ கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குக் கீபோர்டு வாசிக்கப் போயிருந்தாய். லேப்டாப் என்னிடம் இருந்தது. உன்னைக் கேட்காமல் புதியதைப் போட்டவன் நான். பழையதை அழித்தவனும் நான்.

திரும்பி வந்ததும் நீ கேட்டாய்: "ஓடிக்கினு இருந்தத ஏன்டா நோண்டுன?"

"புதுசுல வேகம் ஜாஸ்திடா."

"என் பாட்டே மெதுவான பாட்டு. வேகத்த வெச்சி என்னாடா பண்றது?"

இரண்டு வாரம் கழித்து வயலின் பக்கத்தைக் காட்டினாய். "பாரு, உன் புதுசுலதான் பண்ணேன்." ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இன்று 'தொடாதே' என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள், நீ மறுபடி போட்டு ஒளித்து வைத்த பழைய பதிப்பு கிடைத்தது. எனக்குக் காட்டுவதற்காக வயலினைப் புதியதில் செய்துவிட்டு, செல்லோவையும் பாட்டையும் உனக்குப் பழகியதிலேயே செய்திருக்கிறாய். சண்டை வேண்டாம் என்றுதானே? வாய் திறந்து திட்டியிருக்கலாம்டா.

இனி செய்ய வேண்டியது:

1. நான் கெடுத்த ஃபைல்களைத் தூக்கிவிட்டு, நகலை எடுப்பது.
2. வயலினைப் புதியதில், மற்ற இரண்டையும் பழையதில் ஓட்டுவது. இரண்டு பதிப்பும் இருக்கட்டும், எதையும் அழிப்பதில்லை.
3. மூன்று மணிக்குள் அச்சடித்து, அக்காவை ஒருமுறை பாடச் சொல்லிச் சரிபார்ப்பது.
4. அவர் பாட நிற்பதற்கு முன்பே சொல்லிவிடுவது: "குழப்புனது அவன் இல்லக்கா. நான்."