கை வராத சாமான்

இன்று காலை மண்டி வாசலில் காலிப் பீப்பாய்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். ஈரமரத்திலிருந்து கருவாட்டு வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. என்னை நினைக்க வேறு நல்ல வாசனையே கிடைக்கவில்லையா என்று நீ கேட்பாய். கிடைக்கவில்லைதான். இந்த ராயபுரத்தில் நாம் இருவரும் சேர்ந்து கெடுத்த முதல் காரியம் பீப்பாயில்தானே ஆரம்பித்தது.

நீ துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்தவள். நான் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து கருவாட்டு மண்டி வைத்தவன். உன் தெருவுக்கும் என் தெருவுக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி, எஞ்சின் சாம்பல் கொட்டிக் கிடந்தது ஒரு பொட்டல். அங்கே மரம் வைத்தால் பிள்ளைகள் விளையாடலாம், கரி சுமந்து வருகிறவர்கள் நிழலில் உட்காரலாம் என்று முனிசிபாலிட்டிக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியில்லாமல் மண் வெட்ட இருபது பேர் உன்னோடு இருந்தார்கள். சாமான்தான் இல்லை. கடை கடையாக ஏறிக் கேட்டாய். செக்குக்காரர் எருவுக்குப் புண்ணாக்கு தந்தார். மரவாடி முதலாளி முட்டுக் கழிகள் தந்தார். தண்ணீர் பிடித்து வைக்க ஆறு பீப்பாய் நான் தந்தேன். இரண்டு நாள் வெயிலில் காய்ந்து வாடை போயிருந்தது. வாடை போனால் உப்பும் போயிற்று என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் எதையும் மூக்கால்தான் பார்ப்போம். அதை நம்பிக் கெட்டேன்.

பத்தே நாளில் வாழையும் முருங்கையும் கருகின. உன் கை ராசியில்லாத கை என்று உன் ஆட்களே முணுமுணுத்தார்கள். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. புரிந்தும் நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த நாலு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. ஐந்தாம் நாள் நீயே பீப்பாய்க்குள் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தில் கரித்தூள் அப்பியபடி மண்டிக்குள் வந்து நின்றாய்.

"இன்னா நைனா, தண்ணிக்குப் பீப்பா கேட்டா கடலையே குடுத்துக்கீறே?"

"தெரியாமச் செஞ்சிட்டேன் தாயி. வேற பீப்பா தாரேன். கன்னும் நானே வாங்கித் தாரேன்."

"குடுத்துட்டா ஆச்சா? நாயித்துக்கெயம வந்து மம்பட்டி புடி. கை வராத சாமான் இனிமே எங்களுக்கு வாணாம்."

வெள்ளை வேட்டியோடு போய்க் குழி வெட்டினேன். என் மண்டிக் கணக்கப்பிள்ளை ரயில் பாதையோரம் நின்று வேடிக்கை பார்த்தார். அன்றிலிருந்து அதுவே சட்டமாயிற்று. சாமான் கொடுக்கிற கடைக்காரன் ஒரு ஞாயிறாவது வந்து மண் வெட்ட வேண்டும். செக்குக்காரர் முனகிக்கொண்டே வந்தார், பிறகு விடாமல் வந்தார். உப்பேறிய மண்ணில் இனி என்ன நடுவது என்று நான் விழித்தபோது, "கடலோரத்துல பூவரசு நிக்கல? அத்த நடு" என்றாய். பூவரசு நின்றது.

மரவாடி முதலாளி மட்டும் வரவில்லை. இரும்பு வேலியும் கதவும் தருகிறேன், கதவில் என் பெயர் இருக்கட்டும், பொழுது சாய்ந்தால் பூட்டிவிடலாம் என்று உன்னிடம் ஆள் அனுப்பினார்.

"பூட்டு போட்டா அது அவரு வூட்டுக் கொல்ல. எங்க எடம் இல்ல. போய்ச் சொல்லு."

அடுத்த ஞாயிறே, முனிசிபாலிட்டி ஆபீஸ் மூடியிருக்கும், கேட்பாரில்லை என்ற தைரியத்தில், அங்கே இறக்கி அடுக்குவதற்கென்று மூன்று வண்டி மரம் அனுப்பிவிட்டார். நீ கூச்சல் போடவில்லை. உன் கன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். இருபது பேரும் ஆளுக்கொரு கன்றருகே உட்கார்ந்தார்கள். என் மண்டி இருந்த கட்டடம் அந்த மனிதருடையது. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் வெட்டிய குழி எதுவென்று எனக்குத் தெரியும். அங்கே போய் உட்கார்ந்தேன்.

"நைனா, வேட்டி அயுக்காவப் போவுது!" என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினாய்.

உச்சி வெயிலில் மாடுகள் நுரை தள்ளின. "மாடு இன்னா பாவம் பண்ணிச்சு" என்று நீயே எழுந்து பீப்பாய்த் தண்ணீரை மொண்டு வைத்தாய். வண்டிக்காரர்களும் வாங்கிக் குடித்தார்கள். குடித்த வாயோடு வண்டியைத் திருப்பினார்கள். அடுத்த மாதம் என்னைக் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். செய்தேன். ராயபுரத்தில் வேறு கட்டடமா இல்லை?

காய்ச்சலில் நீ போய் மூன்று வருஷமாகிறது. நேற்று கடைத்தெரு வியாபாரிகள் நாலைந்து பேர் வந்தார்கள். தோட்டத்துக்கு உன் பெயரையே வைக்கப் போகிறார்களாம். வாசலில் கல் நட்டு உன் பெயர், அதன் கீழே அவர்கள் பெயர்கள். கூடவே வேலி, கதவு, பூட்டு. உன் பெயரைச் சொன்னால் கிழவன் மயங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் மயங்கத்தான் செய்தேன். உன் பெயரை யாரும் கல்லில் வெட்டியதில்லையே.

பிறகு சொன்னேன்: "பூட்டுக்கு மேல அவ பேரா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது. ஞாயித்துக்கிழமை மம்பட்டியோட வாங்க, பேசுவோம்."

சிரித்துக்கொண்டே போனார்கள். வேலிக்குக் குழி வெட்ட ஆள் வருமாம். வரட்டும். பூவரசடியில் நான் உட்கார்ந்திருப்பேன், வேட்டி அழுக்கானால் ஆகட்டும்.

இன்று கழுவிய பீப்பாய்களில் இரண்டு, நம் தோட்டத்துக்குப் போகிறவை. கணக்கப்பிள்ளை மோந்து பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். நான் குனிந்து உட்புறம் விரலைத் தடவி நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. இன்னொரு தரம் கழுவச் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்து வாசலில் சாத்தியிருக்கிறேன். நாளை ஞாயிறு.