உன் ஊசிக்காரன் இங்கே வந்தான்

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் இப்போது சுகம். 'இப்போது' என்று எழுத வேண்டியதாகிவிட்டது, போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

போன மாதம் முழுக்க அவருக்கு டைபாய்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடும்போது போன் கேமரா கெட்டுப்போனதாகச் சொன்னேனே, நான்தான் அணைத்து வைத்தேன். அதைவிடப் பெரிய தப்பும் செய்தேன். காய்ச்சல் வந்த அன்றே அலமாரியில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ரத்தம் எடுக்கும் முன் மாத்திரை போடாதீர்கள் என்று முப்பது வருஷம் வார்டில் எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொன்ன நர்ஸ் நான். கிருமி சாகவும் இல்லை, பரிசோதனையில் அகப்படவும் இல்லை, பத்து நாள் வீண். குடலில் ஓட்டை விழலாம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில்தான் சிக்கியது, சரியான மருந்தும் கிடைத்தது.

நீ ஆராய்கிற கிருமிக் குடும்பம்தானே இது, நீ எனக்குச் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு ஊசி மாதிரி ஒரு குழாயைச் செருகித் தன் புரதங்களை உள்ளே ஏற்றுமாம், அந்தப் புரதங்கள் செய்கிற வேலையில் செல்லே கிருமியை வாரி விழுங்கிக்கொள்ளுமாம் என்று. பூட்டு ரிப்பேர்க்காரர் அல்லவா, கேட்டுவிட்டு, "பூட்ட உடைக்கல, வீட்டுக்காரன வெச்சே கதவத் தெறக்க வைக்கிறான், கெட்டிக்காரன்" என்றார். பிறகு, "ஊசிக்காரன் நம்ம பொண்ணுக்குத் தெரிஞ்சவன்தானே, பேசி அனுப்பச் சொல்லேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இப்போது கடைக்கு அரை நாள் போகிறார். உடம்பு பாதியாகிவிட்டது. உன் வேலை கெடும், மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆனால் நேற்று மதியம் தூக்கத்தில் உன்னை இரண்டு தடவை கூப்பிட்டார். எழுப்பிக் கேட்டால், "தண்ணி கேட்டேன்" என்கிறார். உன்னைத் தொட்டு நான்கு வருஷம் ஆகிறது கண்ணே, எனக்கும் தாங்கவில்லை. லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவேன், இந்தத் தடவை அப்படி எழுத மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே. ஆயுசும் ஆரோக்கியமுமாய் நீ நிறைந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, வந்து நின்றதும் நீயாகத்தான் வந்தாய் என்று அவரிடம் சொல்லிவிடு.

சத்தியத்தை மீறிய
உன் அம்மா