பின்சீட்டில் ஒரு தூண்டில் முள்

ஓசூர், ஜூன் 2006, சனி

அந்த முள் அணையில் விழுந்ததா, காரின் பின்சீட்டில் கிடக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. மீன் பிடித்து முடித்ததும் முள்ளை ரப்பர் செருப்புத் துண்டில் குத்தி, தூண்டில் கழியைப் பிளாஸ்டிக் குழாயில் செருகுவது கணவரின் வழக்கம். இன்று மழை. கழியை அப்படியே பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் பார்த்தால் முள்ளைக் கட்டியிருந்த நரம்பு அறுந்திருக்கிறது, முள் இல்லை. நாளை காலையில் பேத்தி அந்தச் சீட்டில்தான் கிருஷ்ணகிரிக்கு வருகிறாள். கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும் வயது. டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை.

“தண்ணியிலயே போயிருக்கும். நீதான் எதையும் நம்பமாட்டியே. படு” என்றார்.

“போனத நீங்க பாத்தீங்களா?”

திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு

விடியுமுன் எழுந்தேன். அவர் காருக்குள் மண்டியிட்டு வெறுங்கையால் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“கெடச்சிருச்சு” என்றார். முள் அவர் கட்டைவிரலில் ஏறியிருந்தது.